ஜனாதிபதிக்கு மனு எழுத நினைப்பவர்களுக்கு

கலெக்டர், முதல்வருக்கு வரும் மனுக்களைப் பார்க்கும் 'முதல்வரின் முகவரி' துறை, மறுபடியும் கலெக்டர் என்று அலைந்து ஓய்ந்தவர்கள் கடைசியில் வந்து சொல்வது ஒன்றுதான்: "ஜனாதிபதிக்கே ஒண்ணு எழுதிடுங்க சார்." புதுக்கோட்டையில் கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஜனாதிபதிக்கு எழுதுவது வீண் என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. இந்த நாட்டின் தலைமைப் பதவியில் இருப்பவருக்குத் தன் குறையை எழுத ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன் அந்தப் பதவியில் இருப்பவர் அன்றாடம் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் எழுதப்படும் மனுக்கள்தான் பெரும்பாலும் எங்கேயோ போய்த் தேங்கி நிற்கின்றன.

ராஷ்டிரபதி பவன் இணையதளத்தில் குடியரசுத் தலைவரின் நிகழ்ச்சிகள் செய்திக்குறிப்புகளாக வருகின்றன. கொஞ்ச காலம் தொடர்ந்து படித்தாலே ஒரு பிடி கிடைத்துவிடும். புதிதாக வந்த வெளிநாட்டுத் தூதர்கள் வரிசையாக வந்து, தங்கள் நாட்டுத் தலைவர் கொடுத்தனுப்பிய நியமனக் கடிதத்தை நேரில் கொடுப்பார்கள். பயிற்சியில் இருக்கும் இளம் அதிகாரிகள் குழுவாக வந்து சந்திப்பார்கள். வேறொரு நாட்டு அதிபர் வந்தால் மாளிகையின் முன்வெளியில் அணிவகுப்பு மரியாதை, இரவில் விருந்து. மற்ற நாட்களில் பட்டமளிப்பு விழா, விருது வழங்கல், வெளியூர்ப் பயணம்.

இதெல்லாம் கேமராவுக்கு முன்னால் நடப்பது. கேமரா இல்லாத இடத்தில் நடப்பது கோப்பு வேலை. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா, ஆளுநர் அனுப்பிவைத்த மாநில மசோதா, உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம், அவசரச் சட்டம், கருணை மனு எல்லாம் அந்த மேசைக்கு வந்துதான் போக வேண்டும். ஆனால் இவை அமைச்சரவையின் ஆலோசனையோடு, சம்பந்தப்பட்ட அமைச்சகத்தின் வழியாக வருகின்றன. அரசியல் சாசனத்தின் 74ஆவது பிரிவுப்படி குடியரசுத் தலைவர் அந்த ஆலோசனையின்படிதான் நடக்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்துக்குப் பிறகு, "மறுபடி யோசியுங்கள்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பலாம். கே.ஆர்.நாராயணன் 1997இல், உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் பரிந்துரையை அப்படித் திருப்பி அனுப்பினார். மத்திய அரசு அதைக் கைவிட்டது. அப்துல் கலாம் 2006இல் ஆதாயம் தரும் பதவிகள் தொடர்பான மசோதாவைத் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மறுபடியும் நிறைவேற்றியது, அவர் கையெழுத்திட்டார். மசோதா விஷயத்தில் இதற்கு 111ஆவது பிரிவு இடம் தருகிறது.

கோப்பு எவ்வளவு வேகமாக நகரும் என்பதும் மேசையில் இருப்பவரை மட்டும் பொறுத்தது இல்லை. 2017 ஜனவரி 23 அன்று நம் சட்டமன்றம் நிறைவேற்றிய ஜல்லிக்கட்டு மசோதாவுக்கு அந்த மாத முடிவுக்குள் பிரணாப் முகர்ஜியின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறையாக நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா நிராகரிக்கப்பட்டது என்ற செய்தி 2025 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு மாநிலத்தின் மசோதாவுக்கே இந்தக் கதி என்றால், தனிமனிதர் ஒருவரின் மனு எவ்வளவு கவனமாக எழுதப்பட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, உங்கள் மனு அங்கே போனதும் என்ன நடக்கிறது? குடியரசுத் தலைவர் செயலகத்தில் மனுக்களைப் பதிவு செய்து பிரித்து அனுப்பும் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு விஷயமென்றால் அந்தந்த அமைச்சகத்துக்குப் போகும். மாநில விஷயமென்றால் சென்னைக் கோட்டையில் உள்ள தலைமைச் செயலகத்துக்கு வரும். கோட்டையிலிருந்து துறைக்கு, துறையிலிருந்து கலெக்டருக்கு, கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு. பட்டா மாறுதல் செய்யவில்லை என்று டெல்லிக்கு எழுதினால், அது சுற்றிக்கொண்டு அதே தாசில்தார் மேசைக்குத்தான் வந்து சேரும். ஒரு வித்தியாசம் உண்டு: இப்போது அதன் மேலே ஒரு முகப்புக் கடிதம் இருக்கும், பதில் அனுப்ப வேண்டிய கடமையும் சேர்ந்துவிடும். அந்தக் கடமையை உங்களுக்குச் சாதகமாக்குவதுதான் மனு எழுதுகிறவரின் வேலை. உங்கள் காகிதத்தை முதலில் படிக்கப்போவது ஒரு பிரிவு அலுவலர். இதை எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவருக்கு முதல் மூன்று வரிக்குள் புரிய வேண்டும்.

பட்டா, பாதைத் தகராறு, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை இதற்கெல்லாம் நான் டெல்லிக்கு எழுதச் சொல்வதில்லை. ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு, டி.ஆர்.ஓ.விடம் (மாவட்ட வருவாய் அலுவலர்) சீராய்வு என்று சட்டப்படியான படிகள் இருக்கும்போது, அவற்றின் கெடு தேதியைத் தவறவிட்டுவிட்டு ஜனாதிபதி பதிலுக்காகக் காத்திருப்பது பெரிய நஷ்டம். கோர்ட்டில் நடக்கிற வழக்கிலும் அவர் தலையிட முடியாது. மாறாக, சில விஷயங்கள் நிஜமாகவே அந்த வாசலுக்கு உரியவை.

முதலில் ராணுவம். முப்படைகளின் தலைமைத் தளபதி குடியரசுத் தலைவர். பாதுகாப்பு அமைச்சகம் மத்திய அரசுடையது. நம் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் நிறைய. கணவர் இறந்த பிறகு, பெயர் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று குடும்ப ஓய்வூதியம் நின்றுபோன அம்மாக்கள் என்னிடம் வருகிறார்கள். முதலில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், கணவர் வேலை பார்த்த படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கும் எழுத வேண்டும். அங்கே பதில் இல்லை என்றால் டெல்லிக்கு எழுதுவதில் தப்பே இல்லை.

அடுத்து மத்தியப் பல்கலைக்கழகங்களும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி. போன்றவற்றுக்கெல்லாம் குடியரசுத் தலைவர்தான் 'பார்வையாளர்' (ஆங்கிலத்தில் விசிட்டர்). இது சட்டத்தில் உள்ள பொறுப்பு. அங்கே படிக்கும் பிள்ளைக்கோ வேலை பார்ப்பவருக்கோ உள்ளே எல்லா வழியும் அடைபட்டுப்போனால், "பார்வையாளர் என்ற முறையில் தங்களிடம் முறையிடுகிறேன்" என்று எழுதலாம். மனு கல்வி அமைச்சகத்துக்குப் போகும்.

எல்லாவற்றையும் விடப் பாரமானது கருணை மனு. சாசனத்தின் 72ஆவது பிரிவு. இதை என்னைப் போன்ற ஆள் எழுதக் கூடாது. வக்கீல் எழுத வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள், 15100க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (472ஆவது பிரிவு) கெடு உண்டு: மரண தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மனு போட வேண்டும். முதலில் ஆளுநருக்குப் போட்டு அவர் நிராகரித்தால், 60 நாட்களுக்குள் குடியரசுத் தலைவருக்கு. அவர் முடிவெடுக்க மட்டும் கெடு இல்லை. ராஜீவ் காந்தி வழக்கில் பேரறிவாளன், சாந்தன், முருகன் ஆகியோரின் கருணை மனுக்கள் 2000இல் போய், 2011இல்தான் நிராகரிக்கப்பட்டன. அந்தப் பதினோரு வருடத் தாமதத்தைக் காரணம் காட்டியே 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அனுப்பிய தேதி, சேர்ந்த தேதி, நினைவூட்டிய தேதி என்று எல்லாவற்றையும் குறித்து வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம். ஒரு தேதி ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இனி எழுதும் முறை. தமிழிலேயே எழுதலாம். மத்திய அரசிலோ மாநில அரசிலோ பயன்படும் எந்த மொழியிலும் முறையிட சாசனத்தின் 350ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் சேர்த்து அனுப்பச் சொல்வேன். படித்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் போதும். மொழிபெயர்க்கக் காத்திருக்கும் நேரம் மிச்சம்.

"பொருள்" வரியில்தான் மனுவின் உயிர் இருக்கிறது. ஒரு அம்மா வேறு இடத்தில் எழுதி வாங்கிவந்த மனுவில் இப்படி இருந்தது: "பொருள்: எனக்கு இழைக்கப்பட்ட அநீதியில் தாங்கள் தலையிட்டு நீதி வழங்க வேண்டுதல் – தொடர்பாக." படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. நான் மாற்றி எழுதியது: "பொருள்: குடும்ப ஓய்வூதியம் – மறைந்த ஹவில்தாரின் மனைவி – ஓய்வூதிய ஆணையில் 'மாரியாயி' என்ற பெயர் 'மாரியம்மாள்' எனப் பதிவாகியுள்ளதைத் திருத்தி, நிறுத்தப்பட்ட ஓய்வூதியத்தை நிலுவையுடன் வழங்கக் கோருதல் – தொடர்பாக." (பெயர்கள் உதாரணத்துக்கு.) கீழே "பார்வை" என்று போட்டு, ஏற்கெனவே எந்தெந்த அலுவலகத்துக்கு எந்தத் தேதியில் எழுதினார், என்ன பதில் வந்தது என்று மூன்று வரி. உள்ளே கணவரின் படை எண், ஓய்வூதிய ஆணையின் எண் (பி.பி.ஓ. எண்), பணம் நின்ற மாதம், கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியம். முதல் மனுவில் நான்கு பக்கம் அழுகை இருந்தது. அந்த அழுகை நிஜம்தான், எனக்குத் தெரியும். ஆனால் கோப்பில் எண்தான் நடக்கும். சில மாதங்கள் கழித்து, பெயர் இரண்டும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டு அந்த அம்மாவுக்குக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வேலை நடந்தது.

இன்னொரு வரி உண்டு, அதை நான் எழுதவே மாட்டேன். "நடவடிக்கை எடுக்காவிட்டால் குடும்பத்தோடு சாக அனுமதி தாருங்கள்", "கருணைக் கொலை செய்துவிடுங்கள்" என்று கேட்பது. இப்படி எழுதினால்தான் கவனிப்பார்கள் என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு அனுமதி கொடுக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்குக் கிடையாது. நான் பார்த்தவரை, அந்த வரி இருந்தால் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து விசாரித்து, "அப்படி எதுவும் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு போவார். மனுவும் அதோடு முடிந்துவிடும். நிலமோ பென்ஷனோ கேட்டது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த எண்ணம் மனதில் நிஜமாகவே ஓடுகிறது என்றால் மனு அப்புறம். முதலில் 104க்கு போன் செய்து பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

முகவரி: குடியரசுத் தலைவர் செயலகம், ராஷ்டிரபதி பவன், புது தில்லி – 110004. அசல் பத்திரம் எதையும் வைக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள்; ஆகையால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை மனுவின் நகலோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். ஆன்லைனிலும் வழி இருக்கிறது. செயலகத்தின் மனுத் தளம் 2009 முதல் இயங்குகிறது. அதில் பதிவு செய்தால் உடனே எண் கிடைக்கும், மனு எங்கே இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம். "நகல்" என்று போட்டு பிரதமர், முதல்வர், ஆளுநர், தலைமை நீதிபதி என்று பத்துப் பேருக்கு அனுப்புவது எனக்குப் பிடிக்காது. பத்து இடத்துக்குப் போனால் ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒரே இடம், ஒரே கோரிக்கை.

இரண்டு மூன்று மாதத்தில் சத்தம் இல்லை என்றால் இரண்டாவது மனு எழுதாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். தபாலில் அனுப்பினால் போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, அதற்கான சான்று நகலை வைத்தால் சரி. கேள்வி இப்படி இருக்கட்டும்: "இன்ன தேதியில் நான் அனுப்பிய மனு எந்த எண்ணில் பதிவானது? எந்தத் தேதியில், எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது? அந்த முகப்புக் கடிதத்தின் நகல் வேண்டும்." ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள், "ஏன்" என்பது ஆவணம் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த முகப்புக் கடிதத்தின் நகல் கையில் கிடைத்ததும், அதைப் பெற்ற அலுவலகத்துக்கு நேரில் போய், கடித எண்ணையும் தேதியையும் சொல்லிக் கோப்பைக் கேளுங்கள்.