குட்டிப் பச்சோந்திக்கு பூச்சி போடறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் பேசறது ஏமன் பக்கத்துல இருந்து வந்த வெய்ல்டு கமிலியன் பத்தி, வெளிநாட்டுல லீகலா பண்ணையில பொரிச்சு விக்கறாங்களே அந்த குட்டிங்க. நம்ம ஊர் வேலியில இருக்கற பச்சோந்திய புடிச்சுட்டு வந்து வளர்க்கறதுக்கு இல்ல இது, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம், அத மரத்துலயே விட்டுடுங்க.

என்னோட முதல் குட்டிய வாங்கினப்ப கடையில ஒரு டப்பா மீல்வார்ம், அதாவது மாவுப்புழு, கையில குடுத்து இது போதும், நல்லா சாப்பிடும்னு சொன்னாங்க, நானும் நம்பிட்டேன், அதுவும் நல்லாத்தான் சாப்பிட்டுச்சு. ரெண்டு மாசத்துல முன்னங்கால் வில்லு மாதிரி வளைய ஆரம்பிச்சுது, கிளைய புடிச்சு நடக்கறப்ப ஒரு நடுக்கம், நாக்க விட்டா பாதி தூரத்துலயே விழுந்துடும். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு மெட்டபாலிக் போன் டிசீஸ், அதாவது எலும்பு பலவீனமாகற நோய்னு சொன்னார். உயிர் பொழச்சுது, ஆனா அந்தக் கால் கடைசி வரைக்கும் நேராகவே இல்ல. சாப்பிடுதுல்ல அப்ப நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கறதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்பு, அதனாலதான் இத இவ்வளவு விவரமா எழுதறேன்.

ஏன் அப்படி ஆச்சுன்னா, பூச்சிக்கு எலும்பே கிடையாது, அதனால அது உடம்புல கால்சியம் ரொம்ப கம்மி, பாஸ்பரஸ் அதவிட பல மடங்கு ஜாஸ்தி. பச்சோந்திக்கு வேண்டியது அப்படியே தலைகீழ், பாஸ்பரஸ் 1 பங்குன்னா கால்சியம் 2 பங்கு கிட்ட இருக்கணும். சாப்பாட்டுல கால்சியம் வரலன்னா ரத்தத்துல அளவு குறையக்கூடாதுன்னு உடம்பு தன்னோட எலும்புல இருந்தே உருவி எடுத்துக்கும், வளர்ற குட்டிக்கு இது எவ்வளவு சீக்கிரம் நடக்கும்னு நான் கண்ணால பாத்திருக்கேன். மீல்வார்ம்ல கால்சியமும் கம்மி, தோலும் கெட்டி. எப்பவாவது ஒண்ணு ரெண்டு போடலாம், அதையே சோறா போடாதீங்க.

அடுத்தது சைஸ். குட்டியோட ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற அகலம் எவ்வளவோ அதவிட நீளமான பூச்சி போடாதீங்க, தொண்டையில சிக்கும், இல்ல முழுங்கிட்டு கக்கிடும். பொரிச்ச கொஞ்ச நாள்ல பழ ஈ தான் சரி, அதுல ஹைடின்னு ஒரு வகை இருக்கு, 3 மில்லிமீட்டர் கிட்ட வரும், தீவனத்துக்கு வளர்த்து விக்கறது பறக்காது. அதோட பின்ஹெட் கிரிக்கெட், அதாவது புதுசா பொரிச்ச சுவர்க்கோழிப் பூச்சி, அப்புறம் 1/8 இன்ச் கிரிக்கெட், 3 மாசம் கிட்ட வந்தா 1/4 இன்ச். ஒரு சைஸ் பெருசா வாங்கினா காசு மிச்சம், வளர்றதுக்கு உதவும்னு நெனைக்கறாங்க, அப்படி இல்ல, சின்னதா நெறைய போடறதுதான் குட்டிக்கு நல்லது. இந்த வயசுல ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ, அது எவ்வளவு சாப்பிடுதோ அவ்வளவு குடுக்கலாம்.

இப்ப நான் ரொம்ப வலியுறுத்திச் சொல்ற விஷயம். கடையில இருந்து கிரிக்கெட் வாங்கிட்டு வந்த அன்னிக்கே போடாதீங்க, அதுங்க பட்டினியா வரும், முட்டை அட்டைய கடிச்சுட்டு கெடக்கும், வெறும் வயித்தோட போட்டா குட்டிக்கு வெறும் தோலுதான் கெடைக்கும். 24-ல இருந்து 48 மணி நேரம் வச்சு கடுகுக்கீரை, காலர்ட் கீரை, கேரட், சக்கரவள்ளிக் கிழங்கு, பூசணி இதெல்லாம் துருவிப் போடுங்க, கட்லோடிங்னு சொல்வாங்க. பாலக்கீரை வேண்டாம், அதுல இருக்கற ஆக்சலேட் கால்சியத்த புடிச்சு வச்சுக்கும். நாய் பிஸ்கட்டும் வேண்டாம், புரோட்டீன் ரொம்ப ஜாஸ்தி. தண்ணி கிண்ணத்துல ஊத்தினா கிரிக்கெட் அதுலயே விழுந்து சாகும், கேரட்டு ஈரமே போதும்.

அப்புறம் பவுடர். வைட்டமின் டி3 கலக்காத, பாஸ்பரஸ் இல்லாத சாதா கால்சியம் பவுடர் கிட்டத்தட்ட ஒவ்வொரு வேளையும் லேசா தூவணும், பூச்சி வெள்ளையா மாவு பூசின மாதிரி இருந்தா ஜாஸ்தி, குட்டி வாயத் தொறக்காது. டி3, மல்டிவைட்டமின் எல்லாம் மாசத்துக்கு ரெண்டு தடவ போதும், நல்லதுதானேன்னு தினமும் போட்டு கழுத்து வீங்கிப் போன குட்டிங்க இருக்கு. ஆனா இதெல்லாம் யூவிபி லைட்டு, வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் குடுக்கற லைட்டு, இருந்தாத்தான், அது இல்லன்னா எவ்வளவு கால்சியம் போட்டாலும் உடம்புல ஒட்டாது. ஜன்னல் பக்கத்துல வச்சிருக்கேன் வெயில் படுதுன்னு சொல்றவங்களுக்கு, கண்ணாடி யூவிபிய தடுத்துடும்.

தோட்டத்துல புடிச்ச பூச்சி இலவசம்தான், ஆனா மருந்து அடிச்ச செடியில இருந்து வந்துச்சான்னு தெரியாது, ஒட்டுண்ணியும் வரும். அதுலயும் மின்மினிப்பூச்சி மட்டும் கிட்டயே சேக்காதீங்க, அதுல லூசிபஃபஜின்னு ஒரு விஷம் இருக்கு, பல்லி ஓணான் இனத்துக்கு ஒண்ணே ஒண்ணு போதும் சாகறதுக்கு.

ஒரே பூச்சியவே போட்டுட்டு இருக்கறதும் தப்பு. பிளாக் சோல்ஜர்ங்கற ஈயோட புழு, நம்ம ஊர்ல கோழித் தீவனத்துக்கு வளர்க்கறாங்களே அதே இனம், அதுல மட்டும் கால்சியம் இயற்கையாவே நல்லா இருக்கும். சின்ன பட்டுப்புழு, வீட்டு ஈ, டூபியா கரப்பான் குஞ்சு எல்லாம் மாத்தி மாத்தி குடுங்க. டூபியாவ அப்படியே கூண்டுல விட்டா ஒளிஞ்சுக்கும், அசையாம கெடந்தா பச்சோந்திக்கு அது சாப்பாடாவே தெரியாது, அதனால வழவழன்னு ஓரம் இருக்கற கப்புல போட்டு வைங்க. காஞ்ச டப்பா பூச்சிய சீண்டாம போறதுக்கும் இதேதான் காரணம். வாக்ஸ்வார்ம்ங்கற மெழுகுப்புழுவுல கொழுப்பு ரொம்ப ஜாஸ்தி, ருசி கண்டுட்டா வேற எதையும் தொடாது.

சாப்பிடாம மிச்சமான கிரிக்கெட்ட ராத்திரி கூண்டுல விட்டுடாதீங்க, தூங்கறப்ப கால், கண்ணோரம் கடிச்சுடும். லைட்ட அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ இலைக்கு அடியில எல்லாம் பாத்து எடுத்துடுங்க. குட்டி குறி வச்சும் நாக்கு எட்டல, கிளைய விட்டு கீழ விழுது, பகல்ல கண்ண மூடிட்டு இருக்குன்னா நீங்களா பவுடர ஜாஸ்தி பண்ணாம ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, போறப்ப என்ன பூச்சி, என்ன பவுடர், எத்தனை நாளைக்கு ஒரு தடவன்னு எழுதி எடுத்துட்டுப் போங்க, லைட்டு டப்பாவ ஒரு போட்டோவும்.