சிறுநீரக நோயுள்ள பிள்ளையின் பிரஷர்: வீட்டில் நடக்கும் பிழைகள்

ஐந்து வயதுப் பொடியனுக்கு மெஷின் 118/78 காட்டுகிறது. "120/80க்குள்ளதானே நிக்குது" என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது பெரியவர்களின் கணக்கு. பிள்ளைகளின் பிரஷரை வயது, ஆணா பெண்ணா என்பது, உயரம் மூன்றையும் வைத்துத்தான் பார்ப்பார்கள். ஐந்து வயது ஆண்பிள்ளைக்கு 103/63ஐத் தாண்டினாலே மேலும் சோதிக்க வேண்டும். 118/78 கூடின பிரஷர். சிறுநீரக நோய் இருந்தால் இலக்கு இன்னும் கீழே. 2009இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்று, இப்படிப்பட்ட 385 பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் கவனித்தது. 24 மணித்தியாலச் சராசரியை, அதே உயரமுள்ள சுகதேகிப் பிள்ளைகளின் நடு அளவுக்குக் கீழே இறக்க முயன்ற குழுவில் சுமார் 30 சதவீதமானோருக்குச் சிறுநீரகத் திறன் பாதியாகக் குறைந்தது, அல்லது சிறுநீரகம் செயலிழக்கும் கடைசிக் கட்டத்துக்குப் போனது. வழமையான இலக்கோடு விட்டவர்களில் அது சுமார் 42 சதவீதம். "கொஞ்சம் கூடத்தானே" என்று விடுவதற்கு விலை இவ்வளவு.

இலக்கத்தை நம்புவதற்கு முன் கைப்பட்டியைப் பாருங்கள். தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் கையின் சுற்றளவைத் தையல் நாடாவால் அளக்க வேண்டும். 18 செ.மீ. என்றால், பட்டிக்குள் இருக்கும் காற்றுப்பை குறைந்தது 7 செ.மீ. அகலமும் 14.5 முதல் 18 செ.மீ. வரை நீளமும் இருக்க வேண்டும். அம்மம்மாவுக்கு வாங்கிய மெஷினின் பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையான கைக்கு உரியது. அதைப் பிள்ளைக்குச் சுற்றினால் பிரஷர் குறைத்துக் காட்டும், உண்மையான கூடுதல் ஒளிந்துவிடும். சிறிய பட்டி கூட்டிக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டவே வேண்டாம்.

சலம் கழித்த பிறகு ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்க விடுங்கள். கதிரையில் கால் தொங்கினால் கீழே பலகை வையுங்கள். வலது கை, நெஞ்சு மட்டத்தில், சட்டைக் கை இறுகாமல். கதை இல்லை, போன் இல்லை. ஒரு நிமிட இடைவெளியில் மூன்று தடவை அளந்து மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள். நல்லதாகத் தெரிவதை மட்டும் எழுதுபவர்கள்தான் அதிகம். நேரத்தையும், குளிசை போட்டதா இல்லையா என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். கிளினிக்கில் ஒழுங்காகவும் வீட்டில் கூடவும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். 24 மணித்தியாலம் கட்டி அளக்கும் மெஷின் அதற்குத்தான்.

இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு போகும் காலையில் பிரஷர் குளிசையையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. கிளினிக்கில் பிரஷர் கூடுதலாகத் தெரியும், மருந்தின் அளவும் கூட்டப்படும். குளிசையைத் தண்ணீரோடு போடலாமா என்று முதல் கிளினிக்கிலேயே கேட்டுவைக்க வேண்டும். தவறிய குளிசைக்காக அடுத்த வேளை இரண்டு போடக் கூடாது. மெதுவாகக் கரையும் நிஃபெடிபீன் குளிசையை நசுக்கிக் கொடுத்தால் மருந்து முழுதும் ஒரேயடியாக இறங்கி பிரஷர் சடாரென விழும். எனலாபிரில், லொசாட்டான் என்ற பிரஷர் குளிசைகளைத் தொடங்கினால் ஒன்று இரண்டு வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். சத்தி, வயிற்றோட்டம் வந்த நாளில் இவற்றை வழமைபோல் கொடுத்துக்கொண்டிருந்தால் சிறுநீரகம் மேலும் அடிபடும். அன்றே டொக்டருடன் கதையுங்கள்.

காய்ச்சலுக்கு இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் வேண்டாம். பனடோல் போதும்: கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. தடிமனுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புப் பாணிகளில் சில பிரஷரைக் கூட்டும். இருமலுக்கு அவிக்கும் அதிமதுரமும் அப்படித்தான், நாட்டு மருந்து என்றாலும்.

உப்பில் ஆபத்தான பிழை, "பிரஷர்காரருக்கு" என்று விற்கும் மாற்று உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம். சிறுநீரகம் பழுதான பிள்ளைக்கு, அதுவும் எனலாபிரிலோடு, இதயத்துடிப்பையே குழப்பிவிடும். இந்துப்பும் சோடியம்தான். பெரியவருக்கே நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, உச்ச அளவு. பிள்ளைக்கு அதிலும் குறைவு. கறியில் உப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் கருவாட்டுப் பொரியல், மாசிச் சம்பல், அப்பளம், மோர்மிளகாய் வைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? பாணில் பூசும் மாமைற், நூடில்ஸ் பைக்கற்றின் தூள் இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பிறவியிலேயே சிறுநீரகம் சரியாக வளராத சில பிள்ளைகள் சலத்தோடு உப்பை இழப்பார்கள். அவர்களுக்கு உப்பைக் குறைத்தால் கெடுதல். ஆகவே எவ்வளவு என்று கேட்டபிறகே குறைக்க வேண்டும்.

கடும் தலையிடி, விடாத சத்தி, பார்வை மங்கல், வலிப்பு, திடீர் மயக்கம் வந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். தீவுப் பகுதி என்றால் விடியற் படகுக்குக் காத்திராமல் அங்குள்ள வைத்தியசாலைக்கு முதலில் போங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றக் கூடாது, கையில் இரும்பு திணிக்கத் தேவையில்லை. பிரஷரை இறக்க மேலதிகக் குளிசை கொடுக்க வேண்டாம். ஒரேயடியாக இறங்கினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். கொப்பியையும் எல்லா மருந்துப் பெட்டிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.