ஜப்பானின் கதை சொல்லும் பாறைகள்: வேளை பார்த்துப் போகும் முறை

சிவனொளிபாதமலைக்கு நடுச்சாமத்தில் ஏறிப் பழகியவர்களுக்கு, ஓர் இடத்தைக் காண்பதில் வேளை எவ்வளவு முக்கியம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஜப்பான் செல்லும் நம் மலையகப் பிள்ளைகள், விடுமுறையில் அந்நாட்டின் கதை சுமக்கும் பாறைகளைக் காணப் புறப்படும்போதும் அதே பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். ஏனெனில் அவற்றுள் பல கடலோரத்தில் இருப்பதால், சூரியன் எழும் நேரமும் கடல் வற்றும் நேரமும் தெரியாமல் போனால் பாதிக் காட்சியே கிடைக்கும்.

ஓர் இடத்துக்கு மட்டுமே போக முடியுமானால், வாகயாமா மாகாணத்தில் குஷிமோட்டோ நகரிலுள்ள ஹஷிகுய்-இவாவைத் தெரிவுசெய்யுங்கள். கரையிலிருந்து ஓஷிமா தீவை நோக்கி ஏறக்குறைய 850 மீற்றர் தூரத்துக்கு நாற்பதளவிலான கற்றூண்கள் வரிசையாக நிற்கின்றன. கோபோ தாய்ஷி என்று போற்றப்படும் துறவி, அமனோஜாகு என்னும் குறும்புப் பேயுடன் பந்தயம் கட்டி, ஒரே இரவில் தீவுக்குப் பாலம் அமைக்கத் தொடங்கினாராம். தோற்றுவிடுவோம் என்று அஞ்சிய பேய் சேவல் போலக் கூவ, விடிந்துவிட்டதென எண்ணிய துறவி வேலையை விட்டுப் போனதால் தூண்கள் மட்டும் எஞ்சின என்பது கதை. சேதுவின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, கடலில் பாதியிலே நின்றுபோன இந்தப் பாலம் மனதைத் தொடாமல் இராது. உண்மையில், ஏறக்குறைய 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சேற்றுப்பாறையின் வெடிப்பினுள் உருகிய பாறைக்குழம்பு புகுந்து இறுகியது. மென்மையான பகுதியை அலைகள் அரித்துவிட, இறுகியது தூண்களாக நிலைத்தது.

ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவுப் புகையிரதத்தில் குஷிமோட்டோவுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். விடியலைக் காண வேண்டுமாகையால் முதல் நாள் இரவே அங்கு தங்கிவிடுங்கள். நிலையத்திலிருந்து பாறைகளுக்கு ஏறக்குறைய அரை மணி நேர நடைதான். கடல் வற்றியிருந்தால் தூண்களின் அடிவரை செல்லலாம், தேங்கிய நீரில் சிவந்த வானமும் கரிய தூண்களும் தலைகீழாகத் தெரியும். பாசி படிந்த கல் வழுக்குமாகையால் செருப்பு வேண்டாம், அடி பிடிமானமுள்ள சப்பாத்தே நல்லது. நில அதிர்வு உணர்ந்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் உடனே மேட்டுநிலத்துக்கு ஏறிவிடுங்கள்.

இரண்டாவதாக, மியே மாகாணத்து மெயோட்டோ-இவா. வைக்கோற் கயிற்றால் பிணைக்கப்பட்ட இந்த இரு பாறைகளை இசனாகி, இசனாமி என்னும் தெய்வத் தம்பதியராகக் கருதுகிறார்கள். பெரியது 9 மீற்றர் உயரம். ஃபுதாமினோஉரா நிலையத்திலிருந்து கால்மணி நேர நடையில் அடையலாம். சூரியன் இரு பாறைகளுக்கு நடுவே எழுவது ஜூன் மாதத்தையொட்டிய கோடையில் மட்டுமே. வேறு மாதங்களில் செல்வோர், கயிறு மாற்றும் சடங்கு நடைபெறும் மே, செப்டெம்பர், டிசம்பர் ஆகிய மாதங்களில் அதற்குரிய நாளை விசாரித்துப் போவது நல்லது. பாறைகளின் மீது ஏற முயலாதீர்கள், அவை வழிபாட்டுக்குரியவை. சீதாஎலிய ஆற்றோரப் பாறையில் அனுமன் பாதத்தை வணங்குபவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

மியாசாகி மாகாணத்தின் அவோஷிமா தீவைச் சூழ்ந்துள்ள ‘பேயின் துணி துவைக்கும் பலகை’க்குக் கடல் வற்றும் நேரமே பார்க்க வேண்டும். நீர் பெருகிவிட்டால் வரிவரியான அந்தப் பாறைகளில் பெரும்பகுதி மூழ்கிவிடும்.