பலநாள் படகைக் கரையேற்றுதல்: துண்டுகளாய்ப் பூட்டும் ஸ்பிரெடர் பீமைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பலநாள் படகைப் பழுதுபார்ப்பதற்காகப் பாரந்தூக்கியால் கரையேற்ற வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகின் அடியில் இரண்டு பெல்ட்களைப் போட்டு, நான்கு முனைகளையும் நேரே கொக்கியில் மாட்டினால், பெல்ட்கள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சரியும். முன் பெல்ட்டும் பின் பெல்ட்டும் நடுவை நோக்கி வழுக்கத் தொடங்கும். இரு பக்கமும் படகின் விளிம்பு நசுங்கும். மரப் படகு ஓரளவு தாங்கும், ஃபைபர் படகில் வெடிப்பு விழுந்துவிடும். கொக்கிக்கும் படகுக்கும் இடையில் ஸ்பிரெடர் பீம் என்ற குழாய் உத்தரத்தைக் கிடையாகப் பிடிப்பது இதைத் தவிர்க்கத்தான். அதன் இரு முனைகளிலிருந்தும் கீழ்க் கயிறுகள் செங்குத்தாக இறங்குவதால் பீமின் நீளத் திசையில் படகின் மேல் நெருக்கம் விழுவதில்லை.

துண்டுகளாய் வரும் வகையில் இரண்டு முனைத் துண்டுகளும் பல நீளங்களில் குழாய்த் துண்டுகளும் இருக்கும். வேண்டிய நீளத்துக்கு ஏற்பக் குழாய்களைத் தேர்ந்து, ஃபிளாஞ்சுகளை (குழாய் முனையில் உள்ள துளையிட்ட தட்டுகளை) போல்ட்டால் பூட்டிக்கொள்ளலாம். இன்று நான்கு மீற்றர், நாளை ஏழு மீற்றர் என்று மாற்றிக்கொள்ளும் வசதி பெரியது. ஆபத்தும் அந்த வசதியிலேயே இருக்கிறது, ஏனெனில் நீளம் மாறும்போது தாங்குதிறனும் மாறிவிடுகிறது.

பீம் எப்படி வேலை செய்கிறது

பலரும் நினைப்பதுபோல ஸ்பிரெடர் பீம் பாரத்தைத் தோளில் சுமப்பதில்லை. கொக்கியிலிருந்து பீமின் இரு முனைகளுக்கும் இறங்கும் தூக்குக் கயிறுகளான மேல் ஸ்லிங்குகள் இரண்டும் சரிவாக இழுப்பதால் முனைகள் உள்நோக்கி நெருக்கப்படுகின்றன. அந்த நெருக்கத்தைத் தாங்கி நிற்பதே குழாயின் ஒரே வேலை. ஆகவே பீமின் நடுவில் கொக்கியை மாட்டித் தூக்குவதும், நடுவில் பாரத்தைத் தொங்கவிடுவதும் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள். அப்படித் தூக்குவதற்கு வளைவைத் தாங்கும்படி செய்யப்பட்ட வேறு வகை உத்தரம் உண்டு. இரண்டும் தொலைவிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால் களஞ்சியத்திலிருந்து மாறி எடுத்துவருவது எளிது. பெயர்ப்பலகையைப் படித்த பின்பே ஏற்ற வேண்டும்.

நெருக்கத்தின் அளவைத் தீர்மானிப்பது மேல் ஸ்லிங்கின் கோணம். 16 தொன் பாரத்தை எடுத்துக்கொள்வோம். கிடைத்தளத்திலிருந்து 60 பாகையில் ஸ்லிங் நின்றால் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் ஏறத்தாழ 9.2 தொன் இழுவையும் குழாயில் 4.6 தொன் நெருக்கமும் விழும். 45 பாகையில் இவை 11.3 தொன்னும் 8 தொன்னுமாகும். 30 பாகைக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்லிங்கும் முழு 16 தொன்னையும் இழுக்கும், குழாயில் 13.9 தொன் நெருக்கம் ஏறும். பாரம் ஒரு கிலோகூடக் கூடவில்லை, கயிறு குட்டையானது மட்டுமே. 60 பாகையைப் பெறக் கணக்கு வேண்டியதில்லை: இரண்டு மேல் ஸ்லிங்குகளும் பீமின் நீளத்துக்குச் சமமாக இருந்தால் சமபக்க முக்கோணம் அமைந்துவிடும். ஆறு மீற்றர் பீமுக்கு ஆறு மீற்றர் ஸ்லிங். அப்போது கொக்கி பீமுக்கு மேலே சுமார் 5.2 மீற்றர் உயரத்தில் இருக்கும். உயரம் போதாத இடத்தில் "கொஞ்சம் குட்டை ஸ்லிங் போட்டுச் சமாளிப்போம்" என்று யாராவது சொன்னால், அந்த வேலையை உயரமான பாரந்தூக்கி வரும்வரை நிறுத்திவைப்பதே சரி.

அடுத்தது நீளம். மெல்லிய நீண்ட குழாய் நெருக்கத்தின் கீழ் நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் வளைந்து மடிந்துவிடும். நீளம் இரண்டு மடங்கானால் மடியும் விசை நான்கிலொன்றாகிவிடும் என்பதை ஒயிலர் 1744 இலேயே கணித்துக் காட்டினார். ஆகவே "இது 20 தொன் பீம்" என்ற பேச்சுக்குத் தனியே பொருளில்லை. எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் 20 தொன் என்பதைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்க்க வேண்டும். அட்டவணையில் இல்லாத நீளத்துக்குப் பூட்டினால் அதன் திறன் எவருக்கும் தெரியாது. இடைப்பட்ட எண்ணை ஊகிக்கவும் கூடாது.

பாரமும் புவியீர்ப்பு மையமும்

படகின் பாரம் பற்றி உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் வெற்றுப் படகின் பாரம். பனிக்கட்டி, டீசல், நன்னீர், வலை, நங்கூரம், அடித்தளத்தில் தேங்கிய நீர் எல்லாம் அதற்கு மேல்தான். பனிக்கட்டியையும் மீனையும் முழுதாக இறக்கச் செய்து, தாங்கிகளை இயன்றவரை வெறுமையாக்கி, அடிநீரைப் பம்பால் இறைத்துவிட வேண்டும். தேங்கிய நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடிச் சாய்வை மேலும் கூட்டும் என்பதால் அது பாரத்தைவிடப் பெரிய தொல்லை. பீம்கள், ஷெக்கிள்கள் (இணைப்பு வளையங்கள்), ஸ்லிங்குகள் ஆகியவற்றின் பாரத்தையும் கூட்டிய பின்பே, பாரந்தூக்கி படகு இருக்கும் தூரத்துக்குக் கையை நீட்டிய நிலையில் எவ்வளவு தூக்கும் என்பதோடு ஒப்பிட வேண்டும்.

என்ஜின் பின்பக்கம் இருப்பதால் புவியீர்ப்பு மையம் நடுவில் இராது. பெல்ட்கள் ஆறு மீற்றர் இடைவெளியில் இருக்க, 16 தொன் பாரத்தின் மையம் பின் பெல்ட்டிலிருந்து 2.5 மீற்றரில் இருந்தால், பின்முனையில் 9.3 தொன்னும் முன்முனையில் 6.7 தொன்னும் விழும். சாதாரணமாக ஒரு பீமின் திறனில் பாதிதான் ஒரு முனைக்குரியது. எனவே 16 தொன் பாரத்துக்கு 16 தொன் பீம் போதும் என்று எடுத்துவந்தவர், பின்முனையில் எட்டுத் தொன்னுக்குரிய துண்டின் மேல் ஒன்பதுக்கும் மேல் ஏற்றியவராவார்.

கொக்கி மையத்துக்கு நேர்மேலே வருவதற்கு மேல் ஸ்லிங்குகளை வெவ்வேறு நீளத்தில் போடலாம். இந்த உதாரணத்தில், அதே 5.2 மீற்றர் உயரத்துக்குப் பின் ஸ்லிங் 5.77 மீற்றரும் முன் ஸ்லிங் 6.27 மீற்றரும் வேண்டும். ஆனால் அப்போது முன் ஸ்லிங்கின் கோணம் 56 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அட்டவணை 60 பாகைக்குக் கீழே அனுமதிக்காவிட்டால் இரண்டையும் இன்னும் நீளமாக்க வேண்டும். படகின் அமைப்பு இடங்கொடுத்தால் பெல்ட்களையே நகர்த்தி மையத்தை நடுவுக்குக் கொண்டுவருவது நல்லது. எனக்கு இந்த வழியே பிடித்தமானது. பெல்ட் புரொப்பெல்லர் தண்டின் மேலோ சுக்கானின் மேலோ உட்காரக் கூடாது. சரியான இடத்தைப் படகு கட்டியவரிடம் அல்லது முன்பு தூக்கியவரிடம் கேட்டு, படகின் பக்கத்தில் பெயிண்டால் குறித்துவிட்டால் அடுத்த முறையும் உதவும்.

நெடுக்கே ஒரு பீம் மட்டும் போட்டால் பெல்ட்கள் முன்பின்னாக வழுக்காது. ஆனால் இரு பக்க விளிம்பும் நசுங்கும் அபாயம் அப்படியே இருக்கும். ஆகையால் நெடுக்குப் பீமின் ஒவ்வொரு முனையிலும் படகின் அகலத்தைவிடச் சற்று நீளமான குறுக்குப் பீமைத் தொங்கவிட்டு, அதன் முனைகளிலிருந்து பெல்ட்டை இறக்குவார்கள். குறுக்குப் பீமின் மேல் ஸ்லிங்குகளுக்கும் அதே கோண விதிதான். மொத்த உயரத்தைக் கணக்கிடும்போது படகின் மேற்கூண்டு, பாய்மரக் கம்பம், வானொலி அன்ரெனா ஆகியவை குறுக்குப் பீமில் தட்டாமல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

பூட்டுதல்

பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். திருகோணமலையின் உப்புக் காற்றில் முதலில் கெடுவது ஃபிளாஞ்சின் முகமும் போல்ட் துளையுமே. துரு செதிலாகப் பொங்கியிருந்தாலோ, பெயிண்ட் தடித்து ஒட்டியிருந்தாலோ இரண்டு முகங்களும் முழுதாகப் பொருந்தாது. நெருக்கம் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குச் சமமாகப் போக வேண்டும் என்பதால் இந்த முகங்கள் சுத்தமாகத் தொட்டுக்கொள்வது மிக முக்கியம். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, வெல்டின் ஓரங்களில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் நோக்க வேண்டும். பள்ளம் விழுந்த, வளைந்த, யாரோ இடையில் வெல்ட் பண்ணிச் சரிசெய்த குழாயைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்க வேண்டும். பூட்டியதன் பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத வளைவும் தெரிந்துவிடும்.

தரையில் மரக்கட்டைகளைச் சமமாக அடுக்கி அவற்றின் மேல் துண்டுகளை வைக்கலாம். உருளைக் குழாய் கையை நசுக்கும் வேகத்தில் உருளும். இரு பக்கமும் ஆப்பு வைக்காமல் எவரும் கிட்டப் போகக் கூடாது. குழாய்த் துண்டுகளின் வரிசையைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால் அதே வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் முனைத் துண்டை இன்னொருவரின் குழாயில் பூட்டக் கூடாது, துளைகள் பொருந்தினாலும் கூடாது. ஒரே தயாரிப்பாளரின் வேறு அளவுத் தொகுதிகளையும் கலக்கலாகாது.

எல்லாத் துளைகளிலும் போல்ட் இருக்க வேண்டும். இரண்டு போல்ட் குறைந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. போல்ட்டின் தலையில் 8.8 போன்ற தர எண் பொறித்திருந்தாலும் நீளமும் விட்டமும் தயாரிப்பாளர் சொன்னதாக இராவிட்டால் போடக் கூடாது. எல்லாவற்றையும் முதலில் கையால் இறுக்கி, முகங்கள் சேர்ந்த பின் எதிரெதிராக ஸ்பனரால் இறுக்க வேண்டும். முறுக்குவிசை குறிப்பிடப்பட்டிருந்தால் டோர்க் ரென்ச்சை எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் மூட்டு லேசாக வாய் பிளந்துவிடும்.

முனைத் துண்டின் மேற்பக்கம் மேலேதான் இருக்க வேண்டும். மேல் ஸ்லிங்கின் இழுவையும் கீழ் ஸ்லிங்கின் இழுவையும் குழாயின் நடு அச்சில் சந்திக்கும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தலைகீழாக மாட்டினால் அந்தச் சந்திப்பு விலகி, நெருக்கத்தோடு வளைவும் சேர்ந்துவிடும். நீண்ட போல்ட்டும் நட்டும் ஊசியும் கொண்ட ஷெக்கிள் சுழன்றாலும் கழராது. திருகு பின் உள்ளதைப் போட்டால் அசைவில் கழரக்கூடும். ஷெக்கிளைப் பக்கவாட்டில் இழுக்க விடக் கூடாது. கொக்கியில் பல ஸ்லிங் கண்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணிக்காமல் ஒரு மாஸ்டர் லிங்கில் (பெரிய இணைப்பு வளையத்தில்) மாட்டுவது நல்லது.

பெல்ட்டின் திறனை அதன் நிறமும் லேபிளும் சொல்லும்: சிவப்பு 5 தொன், பழுப்பு 6 தொன், நீலம் 8 தொன். படகின் அடியைச் சுற்றி இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்கும் பெல்ட்டில் இது இரட்டிப்பாகும். பின்முனையின் 9.3 தொன்னுக்கு சிவப்புப் பெல்ட் கணக்குப்படி போதும், ஆனால் மிச்சம் மிகக் குறைவு. பழுப்பு அல்லது நீலத்தையே எடுப்பேன். லேபிள் இல்லாத பெல்ட்டை வெட்டி எறிய வேண்டும். படகின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பிகள் பெல்ட்டைக் கத்திபோல் அறுக்கும் என்பதால், தொடும் இடங்களில் பழைய ரப்பர் ரயரையோ தடித்த சாக்கையோ செருக வேண்டும்.

தூக்குதல்

சாதாரணப் பாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்திப் பார்ப்பது வழக்கம். நீரில் மிதக்கும் படகில் இந்தச் சோதனை ஏமாற்றும், ஏனெனில் படகு நீரை விட்டு வெளியேறும்வரை அதன் முழுப் பாரமும் கொக்கிக்கு வராது. பெல்ட் இறுகியதும் ஒரு முறை நிறுத்திக் கோணங்களையும் ஷெக்கிள்களையும் பார்க்க வேண்டும். பிறகு மெல்ல உயர்த்தி, அடி நீரை விட்டு விலகும் தறுவாயில் மறுபடி நிறுத்தி, பாரங்காட்டியின் எண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். கணக்கிட்டதைவிட எண் அதிகமாக இருந்தால் இறக்கி, காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது வெளியேறாத நீராக இருக்கும். பக்கத்தில் வேகமாகப் படகு ஓடி அலை எழுந்தால், அது ஓய்ந்த பின்பே பாரத்தை ஏற்க வேண்டும்.

சைகை காட்டுபவர் ஒருவரே. "நிறுத்து" என்ற சைகையை மட்டும் யாரும் காட்டலாம். படகின் முன்னும் பின்னும் கட்டிய வழிகாட்டுக் கயிறுகளைப் பிடிப்பவர்கள் அவற்றைக் கையில் சுற்றக் கூடாது. தூக்கிய படகின் கீழே எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. மேற்கூண்டோடு நிற்கும் படகு காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் ஆடும். கச்சான் வீசும் மாதங்களில் காலையிலேயே வேலையை முடிப்பது வசதி. வாடையில் மழையும் காற்றும் சேர்ந்தே வரும். காற்றின் எல்லை பாரந்தூக்கியின் கைநூலில் இருக்கிறது, அதை ஓட்டுநரே தீர்மானிக்க வேண்டும்.

கழற்றியதும்

பீமை இறக்கும்போது மரக்கட்டைகளின் மேலேயே இறக்கி, ஸ்லிங்குகள் தளர்ந்த பிறகே ஷெக்கிளைக் கழற்ற வேண்டும். நன்னீரால் கழுவிக் காயவைத்து, ஃபிளாஞ்ச் முகங்களுக்கு மெல்லிய கிரீஸ் பூசி, போல்ட்களை எண்ணிப் பெட்டியில் போட வேண்டும். பெல்ட்களை வெயில் படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூக்குக் கருவிகளைத் தகுதிவாய்ந்தவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி இலக்கம் இருப்பதால், எந்தக் குழாய் எந்தத் தேதியில் பரிசோதிக்கப்பட்டது என்பதை அந்த இலக்கத்தோடு சேர்த்தே பதிவேட்டில் எழுத வேண்டும். "பீம் ஒன்று" என்று மட்டும் எழுதிய பதிவு, அடுத்த வாரம் வேறு குழாய்களோடு பூட்டப்படும் அதே பீமைப் பற்றி எதையும் சொல்லாது.