வாங்குபவரைக் கொட்டகைக்குள் விடாமல் அவருடைய நம்பிக்கையைப் பெறுவது எப்படி?

உள்ளூர்க் கோழியைத் தேடி வருபவர், அது வளரும் இடத்தைக் கண்ணால் பார்த்து வாங்க முடியும் என்பதையே அதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறார். ஆனால், பறவைக் காய்ச்சலும் வெள்ளைக்கழிச்சலும் பண்ணைக்குப் பண்ணை பரவுவதில் மனிதரின் காலணி, வண்டிச் சக்கரம், கூண்டு ஆகியவற்றில் ஒட்டிய எச்சத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அவருடைய வருகையே கோழிகளுக்கு ஆபத்தாக முடியலாம்.

எனவே, விற்பனை இடத்தை முதலில் வேலிக்கு வெளியே அமையுங்கள். வாங்குபவர் கொட்டகையைப் பார்க்க விரும்பினால் வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கட்டும். உள்ளே விடாததன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். விற்காத கோழியை மீண்டும் கொட்டகைக்குள் சேர்க்காதீர்கள். திரும்பி வரும் கூண்டை முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே கிருமிநாசினி தெளிக்க வேண்டும். எச்சம் படிந்த பரப்பில் பெரும்பாலான கிருமிநாசினிகள் வலுவிழந்துவிடும். வாசலில் உள்ள கால் நனைக்கும் தொட்டிக்கும் இது பொருந்தும். சேறு கலந்த தொட்டி பாதுகாப்பு இருப்பதாக ஒரு தோற்றத்தை மட்டுமே தருகிறது. கொட்டகைக்கென்றே தனிக் காலணி வைத்திருப்பது அதைவிட நம்பகமானது என்பது என் உறுதியான கருத்து.

வேலைசெய்யும் வரிசையும் முக்கியம். இளங்குஞ்சுகளைக் கவனித்த பிறகு வளர்ந்த கோழிகளிடமும், கடைசியாக நோயுற்றவற்றிடமும் செல்லுங்கள். புதிதாக வாங்கியவற்றைக் குறைந்தது இரண்டு வாரமாவது தனியே வைத்திருங்கள்.

திறந்தவெளியில் மேயும் கோழியே ஆரோக்கியமானது என்று பலரும் நம்புகிறார்கள். மேய்ச்சலில் நன்மை உண்டு என்றாலும், காட்டு வாத்துகள் இறங்கும் குளக்கரையில் மேய்வது பறவைக் காய்ச்சலுக்கு வழிவிடும். ஆகவே தீவனத்தையும் தண்ணீரையும் கூரைக்கு அடியிலேயே வைத்து, நோய்ச் செய்தி வரும் காலத்தில் கோழிகளை அடைத்து வளர்க்க வேண்டும்.

குஞ்சு வந்த நாள், தடுப்பூசி, கொடுத்த மருந்து, அன்றாட இறப்பு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, கேட்பவரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்த கோழியை, அதற்குரிய காத்திருப்பு நாட்கள், அதாவது மருந்து கோழியின் உடலிலிருந்து நீங்குவதற்கான காலம், முடியும்வரை விற்காதீர்கள். இறப்பு திடீரென்று கூடினால் விற்பனையை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நோயை மறைத்து விற்ற ஒரு கோழி அக்கம்பக்கத்துப் பண்ணைகள் அனைத்தின் பெயரையும் கெடுத்துவிடும்.

இறைச்சியை ஒப்படைக்கும்போது, பச்சை இறைச்சியைக் கழுவினால் தெறிக்கும் நீரில் கிருமி பரவும் என்பதையும், உட்பகுதி 74 டிகிரி செல்சியசை எட்டும்வரை சமைக்க வேண்டும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லி அனுப்புங்கள்.