நியூட்டன் இறந்தது 1726-லா, 1727-லா? பழைய மரணத் தேதிகளைச் சரிபார்க்கும் முறை

ஐசக் நியூட்டன் இறந்த நாளைத் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 1726 மார்ச் 20 என்று இருக்கும், இன்னோரிடத்தில் 1727 மார்ச் 20, வேறோரிடத்தில் 1727 மார்ச் 31. எதுவுமே அச்சுப்பிழை இல்லை. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் அவருடைய நினைவுச் சின்னத்தில்கூட 1726 என்றுதான் ரோமன் எண்களில் செதுக்கியிருக்கிறார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்த பிரபலங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சிக்கலில் மாட்டுவார்கள். தீர்க்க வரலாற்றுப் பட்டம் எல்லாம் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும்.

பின்னணி சுருக்கமாக: பழைய ஜூலியன் காலண்டரின் ஆண்டு உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து பெரிதானதால், 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி 10 நாட்களை வெட்டிப் புதிய காலண்டரைக் கொண்டுவந்தார். கத்தோலிக்க நாடுகள் சீக்கிரமே மாறின. போப் சொன்னதைக் கேட்பதா என்று மற்றவர்கள் இழுத்தடித்தார்கள். அதனால் 1700-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரே நாளுக்கு இரண்டு தேதிகள் இருந்தன.

படி 1: தேதியை எழுதியது யார் என்று பாருங்கள்

இறந்த ஊரை மட்டும் பார்த்தால் போதாது. அந்தத் தேதியை எந்த நாட்டுக்காரர் குறித்து வைத்தார் என்பதுதான் முக்கியம்.

பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் 1582-லேயே மாறிவிட்டன. டென்மார்க், நார்வே, ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700-ல் மாறின. அங்கே பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. பிரிட்டன் 1752 வரை மாறவில்லை. ரஷ்யா 1918 வரை இருந்துவிட்டது.

சுவீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் சாவைப் பாருங்கள். நார்வேயின் ஃப்ரெட்ரிக்ஸ்டன் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். முற்றுகையிட்ட சுவீடன்காரர்களுக்கு அன்று 1718 நவம்பர் 30. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அதே ராத்திரி டிசம்பர் 11. ஒரே சண்டையின் இரண்டு தரப்பும் தேதியில்கூட ஒத்துப்போகவில்லை!

நம் கடற்கரையிலும் இதே கதைதான். தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம். இரண்டு இடத்திலும் புதிய காலண்டர். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்கள் பழையதையே வைத்திருந்தார்கள். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்கு இறந்தது 1719 பிப்ரவரி 23. அன்று சென்னையில் கம்பெனி எழுத்தர் தன் ஏட்டில் பிப்ரவரி 12 என்று எழுதியிருப்பார். ஆண்டையும் 1718 என்றுதான் போட்டிருப்பார். ஏன் என்பது மூன்றாம் படியில்.

படி 2: பழைய தேதியாக இருந்தால் 11 நாள் கூட்டுங்கள்

1700 மார்ச் 1 முதல் அந்த நூற்றாண்டு முழுக்க வித்தியாசம் 11 நாள். அதற்கு முன் 10 நாள்.

இங்கிலாந்து ராணி ஆன் இறந்தது பழைய கணக்கில் 1714 ஆகஸ்ட் 1, புதிய கணக்கில் ஆகஸ்ட் 12. ரஷ்யாவின் மகா பீட்டர் 1725 ஜனவரி 28, அதாவது பிப்ரவரி 8. பிரான்சின் பதினான்காம் லூயி (1715 செப்டம்பர் 1), ஜெர்மனியின் ஹானோவரில் இறந்த கணித அறிஞர் லைப்னிட்ஸ் (1716 நவம்பர் 14) இருவருக்கும் எதையும் கூட்டக் கூடாது. அவர்கள் தேதிகள் ஏற்கெனவே புதியவை.

அகமதுநகரில் இறந்த ஔரங்கசீப்புக்கு 1707 பிப்ரவரி 20 என்றும் மார்ச் 3 என்றும் புத்தகங்களில் பார்க்கலாம். இடைவெளியை எண்ணினால் அதே 11 வரும்.

சுவீடன் மட்டும் தலைவலி. 1700-ல் லீப் நாளை விட்டுவிட்டு மெல்ல மெல்ல மாறப் பார்த்தார்கள். பிறகு திட்டத்தைக் கைவிட்டு, 1712-ல் பிப்ரவரி 30 என்று ஒரு நாளை வைத்துப் பழைய கணக்குக்கே திரும்பினார்கள். அந்த இடைப்பட்ட காலத்துச் சுவீடன் தேதிகளுக்கு 10 நாள்தான் கூட்ட வேண்டும்.

படி 3: இங்கிலாந்து என்றால் ஆண்டையும் பாருங்கள்

அங்கே அப்போது சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25-ல்தான். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை பழைய ஆண்டே ஓடும். நியூட்டன் இறந்த மார்ச் 20 அவர்களுக்கு இன்னும் 1726; நமக்கு 1727. அதனால்தான் பல பதிவுகளில் 1726/27 என்று சாய்கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் பின்னால் இருக்கும் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்கோடு இல்லாமல் ஒரே ஆண்டு இருந்தால் உடனே ஒன்றைக் கூட்டிவிடாதீர்கள். பிற்காலத்தவர் ஏற்கெனவே திருத்தியிருக்கலாம்.

வயதை வைத்துச் சோதிப்பது நல்ல வழி. நியூட்டன் பிறந்தது பழைய கணக்கில் 1642 டிசம்பர் 25. இறந்தபோது வயது 84. நினைவுச் சின்னத்தில் உள்ளபடி 1726 என்றே எடுத்துக் கழித்தால் 83 வரும். அப்போதே தெரிந்துவிடும்.

படி 4: கிழமையைச் சரிபாருங்கள்

காலண்டர் மாறினாலும் கிழமை மாறாது. ஆனால் 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாகவே ஏற்காது. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது: புதிய காலண்டர் 400 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை பிசகாமல் திரும்ப வரும். எனவே 1727-க்குப் பதில் 2127 மார்ச் 31 என்று கொடுங்கள். திங்கள் என்று வரும். நியூட்டன் இறந்ததும் திங்கட்கிழமைதான். 11 நாள் கூட்ட மறந்து மார்ச் 20 கொடுத்தால் வியாழன் என்று காட்டும். ராணி ஆனுக்கு 2114 ஆகஸ்ட் 12 கொடுத்துப் பாருங்கள், ஞாயிறு வரும்.

படி 5: எழுதும்போது

ஒரு கட்டுரைக்குள் ஒரே கணக்கைப் பின்பற்றுங்கள். என்னைக் கேட்டால் புதிய தேதியை முதலில் எழுதி, அடைப்புக்குறிக்குள் 'பழைய முறைப்படி மார்ச் 20' என்று சேர்ப்பேன். பிறந்த தேதியைப் புதிய முறையிலும் இறந்த தேதியைப் பழைய முறையிலும் கலந்து போடுவதுதான் மோசம். இணையத்தில் அப்படி நிறைய இருக்கிறது.

சரி, இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் இறந்த தேதி 1722/23 பிப்ரவரி 25. விடை: 1723 மார்ச் 8, திங்கட்கிழமை.