தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே ஒரு வாசிப்புக் காணொளி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கான விளக்கம்

மொரீசியஸ் தொடக்கப்பள்ளியில் தமிழ்ப் பாடவேளை வந்ததும் வகுப்பு பல குழுக்களாகப் பிரிந்துவிடும். இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி என்று அவரவர் தத்தம் அறைக்குப் போக, தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஒரு சிறு கூட்டமாக நம்மிடம் வந்து உட்காருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். கோவிலில் கேட்கும் தேவாரத்தையும், எப்போதாவது தொலைக்காட்சியில் ஓடும் படத்தையும் விட்டால், தமிழ் ஒலி அவர்கள் காதில் விழும் இடம் நம் வகுப்பு ஒன்றுதான். இந்தப் பிள்ளைகளின் வாசிப்புக்குத் துணையாக, கைப்பேசியும் ஒரு மடிக்கணினியும் மட்டும் கொண்டு காணொளி செய்வது எப்படி, செய்ததை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். காணொளி தொகுப்பில் முன் அனுபவம் எதுவும் தேவையில்லை.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாம் செய்யப்போவது கதை காட்டும் படம் அன்று. திரையில் எழுத்து இருக்கும், அதே சொல் காதில் விழும், விழும் கணத்தில் அந்தச் சொல் நிறம் மாறும். அவ்வளவே. சொல்லப்படும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் பார்ப்பவர் கண் தானாக அதை வாசிக்கத் தொடங்கும் என்ற எண்ணத்தை 1996இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்தார். பின்னர் தூர்தர்ஷனின் திரைப்பாடல் நிகழ்ச்சிகளில் பாட்டின் வரிகள் அதே மொழியில் திரையடியில் ஓடியது அதன் பயனாகத்தான். தமிழ்ப் படத்தை வேறு மொழி எழுத்துகளோடு பார்க்கும் பிள்ளை அந்த வேறு மொழியை வாசிக்கப் பழகுகிறதே தவிர, தமிழை வாசிக்கப் பழகுவதில்லை.

படி 1: பாடப்பகுதியை எழுதுங்கள்

ஆறு வாக்கியங்கள் போதும். பிள்ளை கண்ணால் கண்ட பொருளாக இருந்தால் பொருள் விளக்கத்தில் நேரம் போகாது. இரண்டாம் வகுப்புக்கு நான் எழுதியது இது:

கரும்பு வெட்டும் காலம் வந்தது.
பெரிய லாரி சாலையில் வந்தது.
லாரி நிறையக் கரும்பு இருந்தது.
ஒரு கரும்பு கீழே விழுந்தது.
அண்ணன் அதை எடுத்து வந்தான்.
பாட்டி அதைத் தோல் சீவிக் கொடுத்தார்.

மொத்தம் 25 சொற்கள். "கரும்பு" மூன்று முறை வருகிறது. "வந்தது, இருந்தது, விழுந்தது" என்று ஈறு ஒன்றாக அமைந்திருப்பதால், ஒன்றை வாசித்த பிள்ளைக்கு மற்றதில் பாதி வேலை முடிந்துவிடும். முதல் வரைவில் "தம்பி ஓடிப்போய் எடுத்தான்" என்றுதான் எழுதியிருந்தேன். லாரிக்குப் பின்னால் பிள்ளையை நடுச்சாலைக்கு ஓடவிடுகிறீர்களே என்று உடன் பணிபுரியும் ஆசிரியை கேட்ட பிறகு, தம்பி அண்ணன் ஆனான், ஓட்டமும் நின்றது.

சொந்தமாக எழுத நேரமில்லாதவர்கள் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை எடுத்துக்கொள்ளலாம். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அங்கே திறந்த உரிமம் உண்டு. பாடநூலின் பக்கத்தைப் படம்பிடித்து வெளியே பரப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: முதலில் விரலும் பென்சிலும்

கணினியைத் தொடும் முன், எளிய முறையில் ஒன்று செய்து பாருங்கள். ஆறு வாக்கியங்களையும் வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசைமேல் வையுங்கள். இரண்டு பக்கமும் புத்தகங்களைச் சம உயரத்துக்கு அடுக்கி, குறுக்கே இரண்டு அடிக்கோல்களைப் பாலம்போல் வைத்து, கேமரா கீழ்நோக்கும்படி கைப்பேசியை அவற்றின்மேல் கிடத்துங்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து வரட்டும். தலைக்குமேல் விளக்கு எரிந்தால் உங்கள் கையின் நிழலே எழுத்தை மறைத்துவிடும். பிறகு ஒரு பென்சிலின் முனையைச் சொல்லின் அடியில் நகர்த்திக்கொண்டே வாசியுங்கள். பென்சில் தாளின் கீழ்ப்பக்கத்தில் இருந்து வர வேண்டும், பக்கத்தில் இருந்து வந்தால் அடுத்த சொல் மறையும்.

பென்சிலை எழுத்தெழுத்தாக நகர்த்தாதீர்கள், சொல்சொல்லாக நகர்த்துங்கள். இதற்குக் காரணம் நம் எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. "பெரிய" என்ற சொல்லில் கண்ணில் முதலில் படுவது கொம்பு, ஆனால் வாயில் முதலில் வருவது ப். "கொடுத்தார்" என்பதிலோ கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க, ஒலி நடுவில் இருந்து புறப்படுகிறது. பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாக எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய புதிர். "மிஸ், முன்னால் நிற்கிறதை ஏன் பின்னால் சொல்கிறோம்?" என்று கிரியோலில் ஒரு சிறுமி கேட்டாள். எழுத்தெழுத்தாகப் போகும் பென்சில் அந்தக் கேள்விக்குத் தவறான விடையைத்தான் காட்டும்.

படி 3: குரலைப் பதிவு செய்யுங்கள்

கணினியில் செய்யும் காணொளிக்குக் குரலைத் தனியாக, ஒரே கோப்பாக, முதலில் பதிந்துகொள்வது நல்லது. கைப்பேசியின் குரல் பதிவுச் செயலி போதும். அறையின் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்தால் பகரம் வெடிக்கும், சற்றுத் தாழ்த்தி மோவாய்ப் பக்கம் பிடியுங்கள்.

மெதுவாக வாசிப்பது வேறு, சொற்களைத் துண்டுதுண்டாக வெட்டுவது வேறு. "பெரிய லாரி" ஒரு மூச்சு, "சாலையில் வந்தது" ஒரு மூச்சு என்று பொருளோடு பிரித்து வாசியுங்கள். தமிழ் எழுத்து சொல்லாத சில செய்திகளைக் குரல்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "கரும்பு" என்பதன் கடைசிப் பு மென்மையாக ஒலிக்கிறது, "பாட்டி" என்பதன் பா வன்மையாக ஒலிக்கிறது. எழுதும்போது இரண்டும் பகரமே. தமிழைக் காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை இதை அறியாமலே செய்துவிடும். நம் பிள்ளைகளுக்கு உங்கள் குரலே அந்தப் பழக்கம்.

"கீழே", "விழுந்தது" இரண்டிலும் ழகரம் இருப்பதால், அவற்றுக்கு மட்டும் வாயை அருகில் வைத்துச் சில நொடிக் காட்சி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். நாக்கு நுனி பின்னோக்கி வளைவதும், மேல்வாயைத் தொடாமல் நிற்பதும் பக்கவாட்டில் இருந்து எடுத்தால் ஓரளவு தெரியும். கிரியோலில் இந்த ஒலி இல்லை என்பதால், சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிப் புரியவைப்பது எளிது.

படி 4: சில்லுகளும் நிறமும்

பவர்பாயிண்ட்டில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு சில்லு (ஸ்லைடு) எடுத்து, வாக்கியத்தைக் கறுப்பு எழுத்தில், வெளிர்மஞ்சள் பின்னணியில் தட்டச்சு செய்யுங்கள். அலங்கார எழுத்துருக்களை விட்டுவிட்டு, லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற தெளிவான ஒன்றைப் பயன்படுத்துங்கள். பிறகு கன்ட்ரோல், டி விசைகளைச் சேர்த்து அழுத்தி அந்தச் சில்லைப் படியெடுங்கள். நான்கு சொல் வாக்கியத்துக்கு நான்கு படிகள் வேண்டும். முதல் படியில் முதற்சொல்லை மட்டும் அடர்நீலமாக்குங்கள், இரண்டாம் படியில் இரண்டாம் சொல்லை. இப்படியே 25 சொற்களுக்கும் 25 சில்லுகள் ஆகும். தலைப்புச் சில்லு ஒன்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாத பிள்ளைகள் உண்டு என்பதால் அந்த இணையைத் தவிர்ப்பது நலம்.

இனி ஒலிக்கோப்பைத் தலைப்புச் சில்லில் செருகி, தானாகத் தொடங்கும்படியும் எல்லாச் சில்லுகளிலும் தொடர்ந்து ஒலிக்கும்படியும் அமையுங்கள். சில்லுக்குச் சில்லு மாறும் அசைவு விளைவுகளை முழுவதும் நீக்கிவிடுங்கள். அடுத்து நேர ஒத்திகை என்ற வசதியை இயக்கி, உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே, ஒவ்வொரு சொல் தொடங்கும்போதும் வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். மூன்றாவது முயற்சியில் கை பழகிவிடும். ஒத்திகை நேரத்தைச் சேமித்து, ஏற்றுமதிப் பகுதியில் காணொளியாக மாற்றச் சொன்னால் எம்பி4 கோப்பு கிடைக்கும். 720 என்ற தரமே வகுப்புக்குப் போதும்.

சில்லுகளிலேயே குரலைப் பதிந்தால் என்ன என்று தோன்றலாம். அப்படிப் பதியும்போது ஒலி சில்லுக்குச் சில்லு தனித்தனியாக வெட்டுப்பட்டு, சொற்களின் தொடக்கம் தேய்ந்துபோகிறது. கைப்பேசியின் காணொளித் தொகுப்புச் செயலிகளில் நேராகத் தமிழைத் தட்டச்சு செய்வதிலும் ஓர் ஆபத்து உண்டு. சிலவற்றில் "தோல்" என்பது கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவில் புள்ளிவட்டம் என்று உடைந்து தெரியும். வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அதைக் காட்டவே கூடாது. அந்தச் செயலிகள்தான் வேண்டுமென்றால், சில்லுகளைப் படக்கோப்புகளாகச் சேமித்து அவற்றைச் செருகிக்கொள்ளுங்கள்.

செய்து முடித்த காணொளியை உங்கள் மேசையில் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். வகுப்பில் ஓடவிட்டு, கடைசி வரிசையில் பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒளிவீழ்த்தியின் எழுத்து வெளுத்துத் தெரிந்தால், திரைச்சீலையைத் தேடுவதைவிட எழுத்தைப் பெரிதாக்கி வாக்கியத்தை இரண்டு வரியாக மடக்குவது விரைவான தீர்வு. ஒளிவீழ்த்தி உள்ள அறை தமிழ்க் குழுவுக்குக் கிடைக்காத நாளும் வரும். ஐந்தாறு பேர் கொண்ட குழு மடிக்கணினியைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தாலே போதும்.

படி 5: வகுப்பில் ஓட்டும் முறை

நான் பெரிதாகத் தவறியது இந்த இடத்தில்தான். முதல் காணொளியை ஒரு வாரம் முழுவதும் நாள்தோறும் ஓட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் திரையோடு சேர்ந்து மணிமணியாகச் சொன்னார்கள். திங்கள் அன்று வாக்கியங்களை அட்டைத் துண்டுகளில் எழுதி, கலைத்து, நான்காம் வாக்கியத்தை முதலில் தூக்கிக் காட்டினேன். அட்டையில் இருந்தது "ஒரு கரும்பு கீழே விழுந்தது". வகுப்பு ஒரே குரலில் வாசித்ததோ "கரும்பு வெட்டும் காலம் வந்தது". காது முந்திக்கொண்டு பாடத்தை வாங்கிவிட்டது, கண் வேலையே செய்யவில்லை. அன்றுமுதல் ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டேன்.

முதல் ஓட்டத்தில் பிள்ளைகள் வாய் திறக்காமல் கேட்டுப் பார்க்கட்டும். இரண்டாம் ஓட்டத்தில் குரலோடு சேர்ந்து மெல்ல வாசிக்கட்டும். மூன்றாம் ஓட்டத்தில், நீங்கள் முன்பே தேர்ந்துவைத்த இடங்களில், சொல் ஒலிக்கும் முன் காணொளியை நிறுத்துங்கள். அடுத்த சொல்லைப் பிள்ளை வாசித்த பிறகுதான் மீண்டும் ஓட வேண்டும். நான்காவதாக ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, நிறம் நகரும் வேகத்துக்கு அவர்களே குரல் கொடுக்கட்டும். இதுதான் அவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. யார் குரல் கொடுப்பது என்பதில் சண்டையே வரும்.

இந்த நான்கும் சேர்ந்து பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உடனே திரையை மூடிவிட்டு, அட்டைத் துண்டுகளைக் கலைத்துப் போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அட்டையில் தடுமாறும் சொல் எதுவோ, மறுநாள் மூன்றாம் ஓட்டத்தில் நிறுத்த வேண்டிய இடம் அதுவே. ஒரே பகுதியைச் சரளம் வரும்வரை திரும்பத்திரும்ப வாசிப்பதை ஒரு முறையாகவே 1979இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் விளக்கி எழுதினார். அட்டை இல்லாத திரும்பவாசிப்பு, குறைந்தபட்சம் என் வகுப்பில், பாராமனப்பாடமாகத்தான் முடிந்தது.

இரண்டாம் வாரம் சொல்சொல்லாக நிறம் மாறுவதை விட்டு, "பெரிய லாரி" போன்ற தொடர்களாக மாற்றுங்கள். மூன்றாம் வாரம் நிறமே வேண்டாம். பழைய சில்லுகளில் பாதியை அழித்தாலே புதிய காணொளி தயாராகிவிடும்.

படி 6: வீட்டுக்கு அனுப்புதல், பிள்ளையைப் பதிவு செய்தல்

தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோர் நம்மிடையே நிறைய. அவர்களுக்கு வாட்சாப்பில் காணொளியை அனுப்பும்போது, "ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்" என்ற ஒரு வரியைக் கிரியோலில் சேர்த்து அனுப்புகிறேன். சொல் சரியா தவறா என்று அறிய அவர்கள் ஒலியைத் திறந்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

பிள்ளை வாசிப்பதைக் காணொளியாகப் பதிந்து அதற்கே திருப்பிக் காட்டுவதும் நல்ல பயன் தரும். தடுமாறிய இடங்களை நீக்கி, நன்றாக வாசித்த வாக்கியங்களை மட்டும் ஒட்டிக் காட்டினால், கூச்சமுள்ள பிள்ளை தன் குரலில் சரளமான தமிழைக் கேட்கிறது. முகத்தைப் பதிய வேண்டிய தேவை இல்லை. விரலும் தாளும் குரலும் போதும். மொரீசியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்கு உட்பட்டவரின் தனிப்பட்ட தரவுகளைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு வேண்டும். எனவே தவணைத் தொடக்கத்திலேயே எழுத்தில் இசைவு வாங்கி, தலைமையாசிரியரிடமும் தெரிவித்துவிடுங்கள். பதிவுகளைப் பெற்றோர் குழுவில் பகிராமல் அந்தந்தப் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் அனுப்பி, தவணை முடிந்ததும் கைப்பேசியிலும் மேகச் சேமிப்பிலும் இருப்பதை அழித்துவிடுங்கள்.